திரும்பத் திரும்ப வரும் அந்தப் புண் ஹெர்பிஸ்தானா?

குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 29. டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். நிச்சயம் முடிந்துவிட்டது, தை மாதம் கல்யாணம். ஆறு பக்கக் கடிதத்தை, ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

“போன வருடம் ஜூலை மழையில் தொடையிடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது. மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். ஒருநாள் ராத்திரி தாங்க முடியாமல் வீட்டிலிருந்த தைலத்தைத் தடவிவிட்டேன். தோலே உரிந்துவிட்டது. அப்புறம் டிசம்பரில் ஆணுறுப்பின் மொட்டில், வலது பக்கம், சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்து எரிந்தது. நடுவில் கொப்புளம் மாதிரி எழும்பி உடைந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறியது. ஏப்ரலில் அதே இடத்தில் மறுபடி. இந்த செப்டம்பரில் மூன்றாவது தடவை. இப்போது ஆறிவிட்டாலும் கறுப்புத் தழும்பு போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோது ஒரு பெண்ணோடு பழக்கம். இரண்டு முறை உறவு, ஒரு முறை ஆணுறை இல்லாமல். அதற்குப் பிறகு யாரோடும் இல்லை. செல்லில் தேடினால் எல்லாமே ஹெர்பிஸ் என்ற பால்வினை நோய் என்று வருகிறது. லேபில் டெஸ்ட் எடுத்தேன், ‘ஹெர்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ்’ என்று வந்தது. போஸ்டரில் நம்பர் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து உட்காரும் ஒருவரிடம் போனேன். ரத்தத்தில் கலந்துவிட்டது, 18,000 ரூபாய்க்கு மூன்று மாத மருந்து, வேரோடு எடுத்துவிடலாம் என்றார். பாதிப் பணம் கட்டிவிட்டேன். ஹெர்பிஸ் என்றால் அக்கி என்றும் ஒரு இடத்தில் படித்தேன். சின்ன வயதில் எனக்கு முதுகில் அக்கி வந்து, காவி எழுதினார்கள். அதுதான் உள்ளேயே இருந்து கீழே இறங்கிவிட்டதா? சீசன் முழுக்க வெளிச்சாப்பாடு, வயிறு கெட்டால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவேன், அதனால் எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா? பெரியாஸ்பத்திரியில் சித்தி மகள் நர்ஸாக இருக்கிறாள், அங்கே போக முடியாது. கல்யாணத்தை நிறுத்திவிடவா? அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா?”

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நானும் ஹெர்பிஸ் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தடவை, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த அந்த மாத்திரை வரியில் நின்றுவிட்டேன். அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

உங்களுக்கு வந்தது எல்லாமே ஒரே நோய் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மூன்றாகத் தெரிகிறது. தொடையிடுக்கு அரிப்பு ஒன்று, தைலம் சுட்டது ஒன்று, மொட்டில் வந்துபோகும் புண் இன்னொன்று. இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர், ‘அந்த இடத்து எரிச்சல்’. வெட்கத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம். கடிதத்தை மட்டும் வைத்து இதுதான் நோய் என்று யாராலும் முடிவு சொல்ல முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழையும் தெர்மலும் கொண்டுவந்தது

தொடையிடுக்கில் இரண்டு பக்கமும் அரிப்பு, மழைக்காலத்தில் ஆரம்பம், க்ரீம் போட்டால் அடங்குவது, நிறுத்தினால் பெருகுவது. இது பெரும்பாலும் பூஞ்சையால் வரும் படர்தாமரை. ஓரம் சிவந்து, வளையமாகப் பரவி, நடுவில் தெளிந்திருக்கும். ஹெர்பிஸ் இப்படி வாரக்கணக்கில் வட்டம் போட்டு விரியாது.

மலையில் இது வருவதற்கு ஒருவரும் தப்பு செய்யத் தேவையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, நடுவில் மஞ்சு என்கிற மூடுபனி. துவைத்த உள்ளாடை மூன்று நாளானாலும் காயாது. பாதி காய்ந்ததைப் போட்டு, அதன் மேல் தெர்மல் என்கிற குளிர் உள்ளுடை, அதன் மேல் ஜீன்ஸ், அதோடு பத்து மணி நேரம் டிரைவர் சீட். குளிருக்குப் பயந்து அதே தெர்மலை மூன்று நாள் போடுகிறவர்களும் உண்டு. பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நீங்கள் வாங்கிய க்ரீம்தான் எனக்கு அதிகக் கவலை. டியூபின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்த்துவிடும். வளையமும் கலைந்துபோய், டாக்டருக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஆகிவிடும். தொடையிடுக்கில் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் போட்டால் பிரசவக் கோடுகள் மாதிரி வரி விழும், அது போகாது. உடனே நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும், பயப்பட வேண்டாம். நம் நாட்டில் இப்போது உலாவும் படர்தாமரை பழைய மருந்துகளுக்கு எளிதில் மசிவதில்லை, வாரக்கணக்கில் மாத்திரை தேவைப்படலாம். அதை டாக்டர்தான் எழுத வேண்டும். உள்ளாடையைச் சுடுதண்ணீரில் துவைத்து, இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்த பிறகு உடுத்துவது உங்கள் பங்கு. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராத்திரியில் மட்டும் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக இருந்தால் அது சொறிப்பூச்சி, அதற்கு வைத்தியமே வேறு.

தைலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் மலையில் வேரூன்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. சளி, தலைவலி, கால்வலி எல்லாவற்றுக்கும் நமக்கு அதுதான் கை மருந்து. ஆனால் அந்த இடத்துத் தோலுக்கு அது நெருப்பு. அதிலும் அரித்துச் சொறிந்து வைத்த தோலில். உரிந்தது தைலத்தால்தான், அது தனி நோயில்லை. டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவுவது, வாசனை சோப்பு, எலுமிச்சைச் சாறு, முடி எடுக்கும் க்ரீம் எல்லாம் இதே கணக்குத்தான்.

அக்கி வேறு, இது வேறு

இந்தக் குழப்பத்துக்கு மருத்துவர்களான நாங்களும் காரணம். ‘ஹெர்பிஸ்’ என்ற ஒரே சொல்லை இரண்டு நோய்க்குப் பயன்படுத்துகிறோம். நம் அக்கி என்பது ஹெர்பிஸ் ஜாஸ்டர். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் தங்கியிருந்து, பின்னால் ஒரு நாள் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளித்து வெளிவருவது. உடலுறவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே காயும், அதனால்தான் காவிக்குப் பேர் கிடைத்தது. உங்கள் முதுகில் வந்தது மொட்டுக்கு இறங்கவில்லை.

நீங்கள் பயப்படுவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் வருவது. காய்ச்சல் விட்டதும் சிலருக்கு உதட்டோரம் முத்து முத்தாகக் கொப்புளிக்குமே, பூச்சி கடித்துவிட்டது என்பார்களே, அதுதான். குழந்தையாக இருந்தபோது யாரோ கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது. இரண்டாம் வகை பெரும்பாலும் உறவின் மூலம் பிறப்புறுப்பில் தொற்றுவது. 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் அது சுமார் 13 சதவீதம். வாய்வழி உறவால் முதல் வகையும் பிறப்புறுப்புக்கு வரலாம்.

ஹெர்பிஸ் எப்படி வந்து எப்படிப் போகும்

தொற்று ஏற்பட்ட இரண்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் முதல் தாக்குதல் வரும். அது பலமாக வந்தால் மறக்கவே முடியாது. காய்ச்சல், உடம்பு வலி, தொடையிடுக்கில் நெறி கட்டுதல், சிறுநீர் போகும்போது கண்ணில் தண்ணீர் வரும் எரிச்சல், கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள், அவை உடைந்து புண். முழுக்க ஆற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

அதன் பிறகு வைரஸ் சாவதில்லை. முதுகெலும்பின் அடியில், இடுப்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், தூக்கமின்மை, மன உளைச்சல், உரசல், பெண்களுக்கு மாதவிலக்கு என்று ஏதோ ஒன்று தட்டி எழுப்பினால் மறுபடி கிளம்பும். மறுதாக்குதலுக்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு. சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் சுருக் சுருக்கென்று குத்தும், மதமதக்கும், சிலருக்குப் பிட்டத்திலும் தொடையிலும் நரம்பு இழுக்கும். பிறகு சிவந்த தோல் மேல் குண்டூசித் தலை அளவில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள் நெருக்கமாக வரும். ஓரிரு நாளில் உடைந்து ஆழமில்லாத சின்னச் சின்னப் புண்ணாகும். ஐந்து முதல் பத்து நாளில் காய்ந்து போய்விடும். போன பிறகு பெரும்பாலும் தடம் தெரியாது. வரவரத் தாக்குதல் குறைந்துகொண்டே போவதுதான் வழக்கம்.

இதுவரை சொன்னது பாடப் புத்தக ஹெர்பிஸ். எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. சிலருக்கு ஒரு கீறல் மாதிரி, தோல் வெடிப்பு மாதிரி வந்து போகும். ‘ஜிப்பில் பட்டுவிட்டது’, ‘ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்டேன்’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டாம் வகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. முதல் தொற்று சத்தமில்லாமல் நடந்து, வருடங்கள் கழித்து முதல் கொப்புளம் வருவதும் உண்டு. ஆகவே ‘மூன்று வருடம் ஆகிவிட்டது, வாய்ப்பே இல்லை’ என்று நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.

ஷேவிங்குக்குப் பிறகு வரும் பொரிகளில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடி நிற்கும். மொட்டு முழுக்கச் சிவந்து, முன்தோலுக்குள் வெள்ளை மாவாகப் படிந்து, முன்தோல் ஓரம் வெடித்திருந்தால் அது காண்டிடா பூஞ்சை. சர்க்கரை நோய் இருப்பதே சிலருக்கு இதை வைத்துத்தான் தெரியவருகிறது. வலியே இல்லாமல், அடிப்பக்கம் குருத்தெலும்பு மாதிரி கெட்டியாக ஒற்றைப் புண் வந்தால் சிபிலிஸ், அதாவது மேகப்புண் என்று சந்தேகப்பட வேண்டும். வலிக்காத புண்ணை யாரும் காட்டுவதில்லை. அதுவும் தானே ஆறும், ஆனால் நோய் உள்ளே போய்விடும்.

அந்த மாத்திரை வரி

இப்போது உங்கள் மொட்டுப் புண்ணுக்கு வருவோம். மூன்று தடவையும் ஒரே இடம். கொத்தாக இல்லை, பொத்தான் மாதிரி ஒற்றை வட்டம். நடுவில் எழும்பி உடைந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறி, போகாத கறுப்பைத் தழும்பாக விட்டுவிட்டது. வந்த மாதங்களில் ஏப்ரல் சீசன், செப்டம்பர் செகண்ட் சீசன், டிசம்பர் அரையாண்டு லீவுக் கூட்டம். வண்டி ஓயாத நாட்கள், கிடைத்த இடத்தில் சாப்பாடு, வயிற்றுப்போக்கு, மெடிக்கல் மாத்திரை.

மருந்துக்கு வரும் நிலைத்த தடிப்பு என்று ஒரு ஒவ்வாமை உண்டு. ஒரு குறிப்பிட்ட மருந்து உடம்பில் போகும்போதெல்லாம், தோலின் ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் கொதிக்கும். அந்த இடத்துத் தோலில் நினைவாற்றல் உள்ள பாதுகாப்பு அணுக்கள் குடியிருக்கும். பழைய எதிரியை அடையாளம் கண்டதும் அவை தம் வீட்டையே கொளுத்திவிடும். பழகிய மருந்தை மறுபடி போட்டால் அரை மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் எரிச்சல் ஆரம்பித்துவிடும். கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் வட்டம் தெரியும், சில சமயம் கொப்புளிக்கும். ஆறும்போது பழுப்போ கறுப்போ நிற்கும். ஆணுறுப்பின் மொட்டும் உதடும் அதற்குப் பிடித்தமான இடங்கள். எதிர்ப்புச் சக்தி போய்விட்டதா என்று கேட்டீர்கள். அப்படியானால் நடப்பது அதற்கு நேர் எதிர், எதிர்ப்பு கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு அடிக்கடி காரணமாவது வயிற்றுப்போக்குக்குக் கடையில் கொடுக்கும் ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை, கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், வலிக்குப் போடும் இபுப்ரோஃபன், நாப்ராக்சன். படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளுகனசோலுக்கும் சிலருக்கு வரும், அதனால்தான் இதை முதலிலேயே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரையாகக் கொடுத்திருப்பார்கள், பேர் தெரியாது என்பீர்கள். கடையில் கேட்டால் தெரியும், அநேகமாக அதே மாத்திரையைத்தான் இன்றைக்கும் கொடுப்பார்கள். ‘சோதித்துப் பார்க்கிறேன்’ என்று வீட்டில் நீங்களாக மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தடிப்பு பெரிதாகலாம், புதிய இடங்களில் கிளம்பலாம், சிலருக்கு உடம்பு முழுக்கப் பரவி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்திருக்கிறது.

நான் இதன் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் ஹெர்பிஸை முழுக்கத் தள்ளிவிடவில்லை. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். தீர்த்துச் சொல்ல ஒரு வழிதான் உண்டு. புண் இருக்கும்போது காட்டுவது. ஆறிய பிறகு கறுப்பை மட்டும் பார்த்து அனுபவமுள்ள டாக்டரால் ஓரளவு சொல்ல முடியும், நிரூபிக்க முடியாது. மறுபடி வந்தால் ஒன்றும் தடவாதீர்கள். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் தோல்-பால்வினை நோய் டாக்டரிடம் போங்கள். கொப்புளத்தின் அடியிலிருந்து பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவார்கள். கோவை லேபுக்கு அனுப்பினாலும் சில நாளில் பதில் வரும், எந்த வகை என்பதையும் சொல்லும். காய்ந்த பிறகு ஒற்றினால் வைரஸ் இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். அன்றைக்கே போக முடியவில்லையா? தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கையில் இருக்கும் ரிப்போர்ட்

ஐஜிஎம் பாசிட்டிவ் என்ற ஒரு வரிக்காகத்தான் நீங்கள் மூன்று வாரமாகத் தூங்கவில்லை. ஐஜிஎம் என்பது கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் ஒருவகை எதிர்ப்பொருள். அந்தச் சோதனையை ஹெர்பிஸுக்குப் பரிந்துரைப்பதே இல்லை. அது முதல் வகையையும் இரண்டாம் வகையையும் ஒழுங்காகப் பிரிக்காது. இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். சின்ன வயதில் உதட்டில் வந்ததற்கும் காட்டலாம். புதிதா பழையதா என்றும் சொல்லாது. சந்தேகமே இல்லாமல் ஒரு பேக்கேஜில் சேர்த்து எடுத்துவிட்டு அப்புறம் அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டைக் கிழிக்க வேண்டாம், ஆனால் அதை வைத்துக் கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம்.

ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருள் சோதனை இருக்கிறது. தொற்று ஏற்பட்டு மூன்று மாதமாவது ஆகியிருந்தால்தான் அதை நம்பலாம். உங்கள் விஷயத்தில் மூன்று வருடம் ஆகிவிட்டது, நல்லதாகப் போயிற்று. இரண்டாம் வகைக்கு நெகட்டிவ் என்று வந்தால், மொட்டுப் புண் அதனால் வந்திருக்க வாய்ப்பு வெகுவாகக் குறையும். முதல் வகைக்கு மட்டும் பாசிட்டிவ் என்றால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, அது உதட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கும். இரண்டாம் வகைக்கு பாசிட்டிவ், ஆனால் அளவு 1.1-லிருந்து 3-க்குள் என்றால் அதுவும் பொய்யாக இருக்கலாம், வேறு முறையில் உறுதி செய்ய வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இதோடு எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி, ரத்தச் சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். இத்தனை நாள் கழித்து எடுக்கும் எச்ஐவி சோதனை நெகட்டிவ் என்றால், எச்ஐவியைப் பொறுத்தவரை திருப்பூர் விஷயம் அதோடு முடிந்தது.

எங்கே போவது என்பது மலையில் பெரிய கேள்விதான். ஊட்டி பஸ்ஸில் ஏறினால் மூன்று சொந்தக்காரர் உட்கார்ந்திருப்பார்கள், நான்காவது ஆள் ‘எங்கே போறே, உடம்புக்கு என்ன?’ என்று கேட்பார். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கு சுகவாழ்வு மையம், எச்ஐவி சோதனைக்கு நம்பிக்கை மையம் என்று தனியாக இருக்கின்றன, இரண்டும் இலவசம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. அரிப்பு என்று சீட்டு வாங்கினால் போதும், வரிசையில் நிற்கிற யாருக்கும் மற்றது தெரியப்போவதில்லை. அதுவும் மனசு ஒப்பவில்லையா, மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ சவாரி போகிற நாளில் கீழேயே காட்டிவிடுங்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. உங்கள் சம்மதமில்லாமல் எச்ஐவி சோதனை செய்யவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. உங்கள் சித்தி மகளும் ஒரு நர்ஸ். வீட்டில் வாயாடியாக இருக்கலாம், வார்டில் அப்படி இருப்பாள் என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

லாட்ஜில் கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள், மீதியைக் கட்டாதீர்கள். பால்வினை நோயைக் குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அந்த போஸ்டரே குற்றம். ஹெர்பிஸ் வைரஸை நரம்பிலிருந்து வேரோடு எடுக்கும் மருந்து உலகத்தில் எங்கேயும் இன்னும் வரவில்லை, குன்னூர் லாட்ஜுக்கு மட்டும் எப்படி வந்தது? அந்தப் பொடியையும் சாப்பிட வேண்டாம். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் உலோகமும் கலந்திருப்பது புதிதல்ல.

கல்யாணம்

மருந்து ஒவ்வாமைதான் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணிடம் சொல்ல என்ன இருக்கிறது? ‘எனக்கு இந்த மாத்திரை ஆகாது’ என்பது மட்டும்தான். திருப்பூர் பழக்கத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது மருத்துவக் கேள்வி இல்லை, அதில் நான் தலையிடவில்லை.

ஹெர்பிஸ் என்று உறுதியானால் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணம், புண் இல்லாத நாட்களிலும் வைரஸ் தோலில் வந்துபோகும், தெரியாமலே தொற்றும். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. சட்டத்திலும் ஒரு பக்கம் உண்டு. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தொற்றக்கூடிய பால்வினை நோயை விவாகரத்துக் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. உங்கள் நிலைமைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை ஒரு வக்கீல்தான் சொல்ல முடியும். சொல்வது சுலபமில்லை, நிச்சயம் முறிந்தும் போகலாம். அதை மறைத்துப் பேசி உங்களைத் தைரியப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் தனியாகப் போய்ச் சொல்லாமல் இரண்டு பேருமாக ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், ‘ஹெர்பிஸ்’ என்ற சொல் கேட்கிற அளவுக்குப் பயங்கரமானதில்லை என்பது இருவருக்கும் புரியும்.

ஹெர்பிஸோடு குடும்பம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். புண் இருக்கும் நாட்களிலும், சுருக்கென்று குத்த ஆரம்பித்த நேரத்திலும் உறவு வேண்டாம். மற்ற நாட்களில் ஆணுறை, அது முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் ஆபத்தை நன்றாகக் குறைக்கும். தினமும் ஒரு வாலசைக்ளோவிர் மாத்திரை எடுத்தால் துணைக்குத் தொற்றுவது சுமார் பாதியாகக் குறைகிறது. தாக்குதல் வரும்போது ஏசைக்ளோவிர் மாத்திரை, முதல் நாளே ஆரம்பித்தால் சீக்கிரம் ஆறும். களிம்பு அவ்வளவாகப் பயன்படாது. குழந்தை பெறுவதற்கும் தடையில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் பிரசவத்தில் குழந்தைக்கு ஆபத்து அதிகம். அதனால் கணவனுக்கு இருப்பது பிரசவம் பார்க்கும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இதே கடிதத்தை வேறு வடிவத்தில் நீங்களும் எழுதுகிறீர்கள். மழையில் இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு உள்ளே வியர்வை, வெளியே ஈரம். மாற்ற இடமில்லாமல் ஒரே நாப்கினோடு பொழுது போகும். அதில் வரும் எரிச்சலும், தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுவதும், ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வரும் அரிப்பும் பெரும்பாலும் காண்டிடாவும் உரசலும்தான். குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் வறண்டு வெடிப்பதும் உண்டு. இவற்றுக்காகக் கணவரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஒரே இடத்தில் கொத்தாக வலியோடு வந்துபோனால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

தம்பி, தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இவ்வளவையும் செய்ய அது போதும். இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். அந்தக் க்ரீம் டியூப், லேப் ரிப்போர்ட், லாட்ஜ் பொடி மூன்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் அந்த மெடிக்கலில் வண்டியை நிறுத்தி, வயிற்றுப்போக்குக்கு எனக்கு எந்த மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். டாக்டர் எதைப் பார்ப்பதற்கு முன்னாலும் அந்தச் சீட்டை நீட்டுங்கள்.